கொடைக்கானல் தெரியும், கெப்போங் தெரியுமா?

சென்ற ஆண்டு நீண்ட விடுமுறை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், கழகத்தின் இன்றைய செயலவையினர் சிலரை ஒரு மாமாக் கடையில் காண நேர்ந்தது. முன்னாள் உறுப்பினன் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தே தாரிக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சு விடுமுறைப் பயணத்தைப் பற்றியது. பாலித் தீவு என்றது ஒரு கட்சி. பேங்காக் என்றது மறு கட்சி. மேடான் போதும் என்றது சிக்கனக் கட்சி. விமானக் கட்டணம், தங்கும் விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே கூட்டிக் கழித்து, தலைக்கு 1,200 ரிங்கிட்டில் முடித்துவிடலாம் என்று செயலாளர் அறிவித்தார்.

மேசையின் மூலையில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பேச்சில் கலந்துகொள்ளாமல் ஐஸ் மைலோவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் வரப்போவதில்லை என்பது அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும். கல்விக் கடனில் படிக்கிற பிள்ளை. விடுமுறையில் பேரங்காடியில் பகுதி நேர வேலை பார்த்து அடுத்த பருவத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு செயலவையின் மேசையிலும் இப்படி ஒரு மூலை இருக்கிறது. எங்கள் காலத்தில் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

"கெப்போங் காட்டுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு தம்பிதான் வாய் திறந்தார்.

"அங்க என்னண்ணே இருக்கு? வெறும் மரம்தானே!"

அந்த 'வெறும் மரம்தானே' என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. இக்கட்டுரைக்கும் அதுவே காரணம். அந்தத் தம்பியைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் சொன்னதைத்தான் அவர் வயதில் நானும் சொல்லியிருப்பேன்.

நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் வெயில், இடையிடையே மழை. அவ்வளவுதான் நம் பருவங்கள். ஆனால் 'கோடை விடுமுறை' என்ற சொல்லும், அதனோடு ஒட்டிய ஊட்டியும் கொடைக்கானலும் திரைப்படங்கள் வழியாக நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டன. கொடைக்கானலின் தூண்பாறை எப்படி இருக்கும் என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லிவிடுவோம். கோலாலம்பூரிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் கெப்போங்கில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டால் திகைப்போம். நீர்வீழ்ச்சி என்றால் குற்றாலம் நினைவுக்கு வரும். உலு லங்காட் சுங்கை காபாய், பெயரைக் கேட்டால் 'அதுவா?' என்று சொல்லுமளவுக்குத்தான் பழக்கம்.

மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் ஊர் வரைபடத்தை வரைந்து பாருங்கள். கோயில், உறவினர் வீடு, திருமண மண்டபம், பேரங்காடி. ஆண்டுக்கு ஒருமுறை பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை, மாரான், பத்துமலை. பேருந்து எடுத்துப் போகிற பயணங்கள் எல்லாமே கோயிலில் தொடங்கிக் கோயிலில் முடியும். அதில் தவறில்லை. அந்தக் கோயில்கள் எல்லாம் மலையிலும் காட்டிலும் குகையிலும்தான் இருக்கின்றன என்பதையும், நாம் சாமியை மட்டும் பார்த்துவிட்டு மலையைப் பார்க்காமல் திரும்பி விடுகிறோம் என்பதையும்தான் சொல்ல வருகிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே 'ரிம்பா இல்மு' என்றொரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1974 இல் தொடங்கப்பட்டது. அறிவுக் காடு என்று பொருள். நான் அங்கே படித்த காலம் முழுவதும் அதன் பெயர்ப்பலகையைக் கடந்து விரிவுரைக்குப் போனேன். பெயர்ப்பலகையைக் கடந்து விடுதிக்குத் திரும்பினேன். ஒருமுறை கூட உள்ளே போனதில்லை. பட்டம் வாங்கி ஏழாண்டுகள் கழித்து, வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கேட்டதற்காகப் போனேன். ஒரு மணி நேரம் நடந்தோம். அவர் கேட்ட எந்தச் செடிக்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை. சங்க இலக்கியத்தில் வரும் பூக்களின் பெயரை மூச்சு விடாமல் சொல்லிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான்!

ஏன் இப்படி ஆனோம்? நம் முன்னோர் காட்டுக்கு அஞ்சியவர்களா? அப்படிச் சொல்ல முடியாது. பகாங் மாநிலத்து மாரான் மரத்தாண்டவர் ஆலயத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் காட்டை வெட்டிச் சாலை போட்டபோது, ஒரு மரத்தை வெட்டப் போக, அதிலிருந்து குருதி வடிந்ததாம். வேலையாட்களில் ஒருவருக்கு அருள் வந்ததாம். கடைசியில் மரத்தை விட்டுவிட்டுச் சாலையை வளைத்தார்களாம். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு காட்டு மரத்துக்காகச் சாலையே வளைந்தது என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கூட்டம் நம்முடையது. பங்குனி உத்திரத்துக்கு இன்றும் ஆயிரக்கணக்கானோர் அங்கே போகிறார்கள்.

ஆக, காட்டை அறியாத மக்கள் அல்ல நாம். காட்டை மிக நன்றாக அறிந்ததால்தான் விலகி வந்தோம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. என் பாட்டி சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். பாம்பு, அட்டை, கொசு, குளவி, எல்லாம் அவருக்கு அன்றாடம். எந்தக் கீரையைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது, லாலாங் புல் வெட்டினால் கை எப்படிக் கிழியும், சிற்றாற்றில் எப்போது மீன் ஏறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் காட்டைப் 'பார்க்கப்' போவது என்றால் சிரிப்பார். "பாக்கறதுக்கு என்னடா இருக்கு? அதுலதான ஆயுசே போச்சு!" என்பார்.

இந்தச் சொல்லை நாம் மதிக்க வேண்டும். நம் பெற்றோர் தோட்டத்தை விட்டு வெளியேறியதே பிள்ளைகளைக் கொசு கடிக்கக்கூடாது என்பதற்காகத்தான். குளிரூட்டப்பட்ட பேரங்காடிக்கு நம்மை அழைத்துப்போவது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல; 'என் பிள்ளை இங்கே நடக்கிறான்' என்கிற வெற்றி. அதனால்தான், மலைக்குப் போகிறேன் என்று மகள் சொன்னால் தாயின் முகம் மாறுகிறது. 'காசு கொடுத்து அட்டைக் கடி வாங்கப் போறியா?' என்று கேட்கிற தாய் அறியாமையால் கேட்கவில்லை. நமக்கோ அந்தக் கசப்பும் இல்லை, அந்த அறிவும் இல்லை. பாட்டிக்குத் தெரிந்த கீரையும் தெரியாது, புத்தகத்தில் உள்ள பெயரும் தெரியாது. இரண்டு பக்கமும் அறுந்துபோன தலைமுறை நாம். இந்த அறுந்த நூலைப் பாலித் தீவில் போய் முடிச்சுப் போட முடியாது.

இனி கெப்போங்கைப் பற்றிச் சொல்கிறேன். மலேசியக் காட்டியல் ஆய்வுக் கழகம் அங்கே இருக்கிறது. 1929 இல் அங்கு ஆய்வு நிலையம் அமைத்தபோது அது காடே அல்ல. ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகள், காய்கறித் தோட்டங்கள், மீதியெல்லாம் புதர். அந்த மண்ணில் மரம் மரமாக நட்டுத்தான் காட்டை உண்டாக்கினார்கள். இன்று ஐந்நூறு எக்டருக்கும் மேல் பரந்து நிற்கிறது. உள்ளே நடப்பவர் இது என்றென்றும் இருந்த காடு என்றுதான் நினைப்பார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது, ஒரு பாழ்நிலத்தைக் காடாக மீட்டெடுத்த சாதனைக்காக. 'வெறும் மரம்' என்ற தம்பி மட்டும் இதைப் படித்தால் போதும்.

அங்கே காப்பூர் மரங்கள் நிற்கும் இடத்தில் நின்று தலையை அண்ணாந்து பாருங்கள். எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் ஒரு மரத்தின் இலைக் கூட்டம் அடுத்த மரத்தின் இலைக் கூட்டத்தைத் தொடுவதில்லை. இடையில் ஒரு சாண், இரண்டு சாண் அகலத்துக்கு வானம் தெரிகிறது. வெடித்துப்போன வயல் மண்ணைத் தலைகீழாகப் பார்ப்பது போல இருக்கும். காற்றில் உராய்ந்து நுனி முறிவதால் இப்படி ஆகிறது என்று முதலில் நினைத்தார்கள். இங்குள்ள மரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் இங் என்ற நம் நாட்டு அறிஞருக்கு உராய்ந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. பக்கத்து மரத்தின் நிழலில் ஒளி குறைவதை வளரும் நுனி உணர்ந்து நின்றுவிடுகிறது போலும் என்று அவர் கருதினார்.

காப்பூர் என்ற மலாய்ச் சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு ஏதோ நினைவுக்கு வரவேண்டும். ஆம், கற்பூரமேதான். இந்த மரத்தின் உட்பகுதியில் உறைந்து கிடக்கும் வெள்ளைப் பொருளுக்காகத்தான் ஒரு காலத்தில் கப்பல்கள் வந்தன. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம் கற்பூரத்துக்குப் பெயர்போனது. அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகக் குழுவினர் பொறித்தது. இன்று கடையில் வாங்குகிற கற்பூரம் பெரும்பாலும் ஆலையில் செய்தது. அது வேறு கதை. ஆனால் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எந்த மரத்தைத் தேடித் தமிழன் கடல் கடந்தானோ, அந்த மரம் கெப்போங்கில் வரிசையாக நிற்கிறது. நாமோ அதைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

பத்துமலைக்கு வருவோம். இதற்கு மேல் நமக்குப் பழக்கமான இடம் எது? தம்புசாமிப் பிள்ளை வழிபாட்டைத் தொடங்கிவைத்ததும், 1892 முதல் தைப்பூசம் நடப்பதும், 272 படிகளும், 2006 இல் எழுந்த 42.7 மீட்டர் முருகன் சிலையும், 2018 இல் படிகளுக்கு வண்ணம் பூசியதும் எல்லாருக்கும் மனப்பாடம். (பத்து என்பது எண் அல்ல, மலாய்மொழியில் கல் என்று தமிழாசிரியர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுவரை மீதி ஒன்பது மலை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.) ஆனால் படியேறும்போது இடப்பக்கம் ஒரு குகை வாய் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? இருட்டுக் குகை என்பார்கள். உள்ளே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளைகள். சூரிய ஒளியே படாத அந்த இருட்டில், வௌவால் எச்சத்தை நம்பி ஓர் உலகமே வாழ்கிறது. அதில் ஒரு சிலந்தி, குகைச் சுவரில் பட்டுக் குழாய் பின்னி, அதற்குக் கதவும் வைத்து, கதவுக்கு வெளியே சில இழைகளை நீட்டிவிட்டு உள்ளே காத்திருக்கும். இழையில் ஏதாவது இடறினால் கதவைத் திறந்து பாயும். லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று அதன் அறிவியல் பெயரிலேயே நம் பத்துமலை இருக்கிறது. வயிற்றில் வளையம் வளையமாகப் பட்டைகள் கொண்ட இந்தச் சிலந்தி வகை, சிலந்திக் குலத்தில் மிகப் பழமையானது என்கிறார்கள்.

ஒரு காலத்தில் வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. 2019 இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன் பல தைப்பூசங்களில் அந்த வாயிலைக் கடந்து மேலே போனேன். ஒருமுறை கூட நுழையவில்லை. இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சாமி எங்கும் போகமாட்டார், அடுத்த ஆண்டும் பார்க்கலாம். அந்தக் குகைக்குள் போகும் வாய்ப்பு மட்டும் போய்விட்டது.

கோலசிலாங்கூரைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஓரளவு எல்லாரும் அறிந்ததுதான். கம்போங் குவாந்தானில் இருட்டிய பிறகு சம்பானில் ஏறி உட்கார்ந்தால், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். போகிறவர்கள் தயவுசெய்து கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள். படத்தில் ஒன்றும் விழாது, பூச்சிகளுக்குத்தான் கேடு. பகலிலேயே போய்ச் சேர்ந்தால் மெலாவாத்தி குன்றில் 1907 இல் கட்டிய கலங்கரை விளக்கமும், வெள்ளி நிறக் குரங்குகளும் உண்டு. தாய் கறுத்த வெள்ளி. மடியில் உள்ள குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு. முதன்முதலில் பார்க்கிறவர் வேறு இனத்துக் குட்டியைத் திருடி வைத்திருக்கிறது என்றுதான் நினைப்பார்.

'இதெல்லாம் சரி, போகாவிட்டால் என்ன கெட்டுப்போகும்?' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

இராசேந்திர சோழன் 1025 இல் கடாரம் வென்றதைப் பேசாத தமிழ் விழா இந்நாட்டில் உண்டா? நம் கழகத்து மேடையில் மட்டும் எத்தனை முறை முழங்கியிருப்போம்! அந்தக் கடாரத்தின் தடயங்கள் கெடா மாநிலத்தில், ஜெராய் மலையடியில், பூஜாங் பள்ளத்தாக்கில் சிதறிக் கிடக்கின்றன. மெர்போக்கில் அருங்காட்சியகமும் இருக்கிறது. பக்கத்திலேயே ஓடை, மரநிழல், ஒரு நாள் உலாவுக்கு மிக நல்ல இடம். அந்தப் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது எனக் கருதப்பட்ட 11 ஆம் எண் சண்டி, வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013 இல் வெளிவந்தது. இடித்து முடிந்த பிறகே நாடு அறிந்தது. எல்லாரும் கொதித்தோம். நானும் முகநூலில் நான்கு பத்தி எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: அந்தச் சண்டி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த எவரும் பார்த்ததில்லை. மாதத்துக்கு ஒரு கூட்டம் மாணவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால், மண்வாரி இயந்திரம் அவ்வளவு எளிதாக உள்ளே வந்திருக்குமா?

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. சிலாங்கூரில் கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு என்றொரு சதுப்புக் காடு. அதில் ஐந்நூறு எக்டருக்கும் மேற்பட்ட பகுதியைக் காப்புநிலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பது 2021 இல் தெரியவந்தது. அங்கேயே வாழும் தெமுவான் பூர்வகுடியினரும், அந்தக் காட்டை நடந்து அறிந்தவர்களும், சுற்றுச்சூழல் அமைப்புகளும் விடாமல் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைக் கைவிட்டது. ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரிந்த மனிதர்கள் இருந்த காடு பிழைத்தது. கடாரம் என்று மேடையில் சொல்ல மட்டும் தெரிந்தவர்களின் சண்டி பிழைக்கவில்லை. இதற்கு மேல் நான் என்ன வாதாட?

பெற்றோரின் அச்சத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது வீண் அச்சம் அல்ல. 2022 டிசம்பர் 16 ஆம் நாள் விடியுமுன் பத்தாங் காலியில் முகாம் தளத்தின்மேல் மலை சரிந்து 31 பேர் மாண்டார்கள். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையடியில் யான் வட்டாரத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்தது. 'கெப்பாலா ஆயர்' என்று மலாயில் சொல்வார்கள். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையுச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறிவிட வேண்டும். மலைப்பக்கம் கருத்திருந்தால் இறங்கவே கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க நம் வீட்டில் இப்போது ஆள் இல்லை. பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பார். பெண் பிள்ளைகள் தனியாகவோ இருவராகவோ போக வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்வேன். பத்துப் பேராகப் போங்கள், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போகிற பயணத்தில்தான் விபத்து நடந்தால் தேட ஆள் இருக்காது.

நம்மவர் நடத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு நீர்வீழ்ச்சிக்குப் போனால், ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு அலறும் இடத்தை வைத்தே நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அவர்கள் கிளம்பிய பிறகு பாறையிடுக்கில் கிடக்கும் போத்தல்களை வைத்தும் கண்டுபிடிக்கலாம். மற்ற இனத்தவரும் குப்பை போடத்தான் செய்கிறார்கள் என்று என் நண்பர் வாதிடுவார். உண்மை. ஆனால் அவர்கள் குப்பையில் தமிழ்ப் பாட்டு ஒலிப்பதில்லையே!

சரி, மாமாக் கடைக்குத் திரும்புவோம். செயலவையில் ஒரு பகுதியினர் பேங்காக் போனார்கள். நன்றாகவே இருந்ததாம், மகிழ்ச்சி. போகாதவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து, ஒரு சனிக்கிழமை காலை என்னையும் அழைத்துக்கொண்டு கெப்போங் போனார்கள். இரண்டு கார், ஒரு மோட்டார் சைக்கிள். பெட்ரோல், நாசி லெமாக் எல்லாம் சேர்த்துத் தலைக்குப் பதினைந்து ரிங்கிட்டைத் தாண்டவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அந்த மாணவியும் வந்தாள். தனியாக விடமாட்டேன் என்று சொல்லி அவள் தாயாரும் கூடவே வந்துவிட்டார். இளமையில் பால் வெட்டியவர் என்று வழியில் பேச்சுவாக்கில் தெரிந்தது.

முதல் அரை மணி நேரம் அந்த அம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "இதப் பாக்கவா காலைல எழுப்பிவிட்ட?" என்று மகளைக் கடிந்துகொண்டே நடந்தார். பிறகு எப்போது என்று தெரியவில்லை, எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பெரணித் தளிரைக் காட்டி எது சமைக்க ஆகும், எது கசக்கும் என்றார். ஒரு கொடியைக் காட்டி, அரிக்கும், தொடாதே என்றார். மரத்தில் அறைந்திருந்த பலகையில் லத்தீன் பெயரும் மலாய்ப் பெயரும் இருந்தன. இதற்குத் தமிழில் என்னம்மா என்று ஒரு தம்பி கேட்டதற்கு, "எங்க தோட்டத்துலயும் மெராந்தின்னுதான் சொல்லுவோம், அது தமிழுதான்" என்றார். கலைச்சொல்லாக்கத்தில் முதுகலை செய்துகொண்டிருந்த தம்பி அவர், பதில் பேசவில்லை.

காப்பூர் மரங்களுக்குக் கீழே எல்லாரும் அண்ணாந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தார். மகளிடம் நீட்டினார். மகள் மோந்துவிட்டு, "கற்பூரம்மா!" என்றாள். பிறகு மேலே பார்க்கச் சொல்லி அவர் தோளைத் தொட்டாள். அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இருபது வருசம் மரத்தோடயே இருந்தேன். பட்டையத்தான் பாத்தேன், மேல பாக்க எங்க நேரம்?" என்றார்.

மணி பதினொன்றாகிவிட்டது. மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. கார் நிறுத்தியிருந்த இடத்துக்குத் திரும்பி நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தோம்.